சத்தமில்லாத காய்

“ஒரு வருசமா? அது தண்டனையா, கள்ளனுக்குக் குடுக்குற லீவா?”

சீதேவிப்பிள்ளை இப்படிக் கத்தியதும் களத்தைச் சுற்றி நின்ற இருநூறு ஆண்களும் வாயை மூடினார்கள். கோயில் வெளியில், ஆண்கள் கூடிச் சொல்லும் தீர்ப்புக்குள் ஒரு பெண் வாய் வைப்பது, அதுவும் தாலி அறுத்தவள் வைப்பது, அதற்கு முன் நடந்ததில்லை. கோயிலுக்குப் பொறுப்பானவர் வண்ணக்கர் கனகசிங்கம். விளையாட்டில் வழக்கு வந்தால் தீர்ப்பும் அவர்தான் சொல்வார். அவர் கையை உயர்த்தினார்.

“நீ காயைப் பாத்துச் சொன்னது காணும் கா. மிச்சத்தை நாங்க பாக்கம்.”

“நீங்க பாத்துத்தான் போன வருசம் கோழிக் கள்ளனுக்குச் சந்தனம் பூசி அனுப்பினீங்க. இவனை இண்டைக்கு விட்டா வாற வருசம் ஈயத்தை உருக்கி ஊத்திக் கொண்டு வருவான். இவன்ட கை இனி எந்தக் களத்திலயும் போர்த் தேங்காய் தொடப்படாது. அதுதான் ஞாயம்!”

“ஓம், அதுதான் ஞாயம்!” என்று தோற்றுக்கொண்டிருந்த பக்கம் முதலில் கூவியது. பிறகு மற்றப் பக்கமும் கூவியது. ஒரு வருசத் தடையோடு முடிய இருந்த வழக்கு ஆயுள் தடையாகிவிட்டது.

நடுவில் நல்லரத்தினம் நின்றான். வேட்டியிலிருந்து வாவித் தண்ணீர் சொட்டியது.

இது நடந்தது 1934ஆம் ஆண்டு வைகாசியில், களுவாஞ்சிக்குடிக்குக் கிட்ட, வாவிக்கரையோரத்து ஊர் ஒன்றில். அம்மன் கோயில் சடங்கை ஒட்டி ஊர் இரண்டு பக்கமாகப் பிரிந்து போர்த் தேங்காய் அடிக்கும். ஒருவன் தன் காயை எறிவான், எதிரே நிற்பவன் தன் காயால் மறிப்பான். எவன் காய் உடைகிறதோ அவன் பக்கம் தோற்றது. வெளியில் இருந்து பார்த்தால் இவ்வளவுதான். உள்ளே மானம், பந்தயம், மூன்று தலைமுறைப் பகை எல்லாம் கிடந்தன. அதனால் நல்ல கைகாரர்களை ஊர்கள் கூலி பேசிக் கூப்பிட்டன. நல்லரத்தினம் அப்படி ஏழு ஊர்க் களங்களில் அடித்துப் பெண்டாட்டி பிள்ளைக்குச் சோறு போட்டவன்.

காய்களைச் சோதிப்பவள் சீதேவிப்பிள்ளை. புருசன் பாம்பு தீண்டிச் செத்தபின் தேங்காய் வாங்கி விற்றுப் பிழைத்தாள். காயை நகத்தால் சுண்டி, காதருகே ஆட்டினால் போதும். ஓட்டின் தடிப்பு, தண்ணீரின் அளவு, உள்ளே பருப்பு ஓட்டிலிருந்து விட்டிருக்கிறதா என்று எல்லாம் சொல்லிவிடுவாள். தாலி அறுத்தவளைக் களத்துக்குக் கூப்பிடுவதா என்று சிலர் முனகினார்கள். அந்தக் காது வேண்டியிருந்ததால் முனகல் அடங்கிற்று. ஆண்டுதோறும் இரண்டு பக்கமும் சேர்ந்து அவளுக்கு ஒரு சேலையும் வெற்றிலைத் தட்டும் கொடுத்தன. அந்தத் தட்டை வாங்கும்போது அவள் தலை கொஞ்சம் நிமிர்ந்தே இருக்கும்.

அன்று நல்லரத்தினத்தின் மூன்றாவது காயைக் காதில் வைத்தாள். ஆட்டினாள். சத்தமே இல்லை. காயோ கனத்தது. காயின் கண்களில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது.

“கண்ணைத் துளைச்சுத் தண்ணியை எடுத்துப்போட்டு மெழுகு ஊத்தியிருக்கான்” என்றாள்.

“அக்கா, உடைச்சுப் பாருங்க!” என்றான் நல்லரத்தினம்.

“உடைக்கத் தேவையில்ல. என்ட காது சொல்லுது.”

அம்மன் முன் வைத்த காயைக் காய்தான் உடைக்கலாம், கத்தி படக்கூடாது என்பது வழக்கம். கள்ளக்காய் என்று கண்டால் முழுசாக வாவியில் எறிந்துவிட வேண்டும், ஒருவரும் எடுக்கக் கூடாது. அவளே எறிந்தாள். அவன் பின்னால் பாய்ந்தான், காயைக் கொண்டுவந்து காட்டுவதற்கு. “பாருங்க, கள்ளத்தை ஒளிக்கப் போறான்!” என்று நாலு பேர் இறங்கித் தலைமயிரில் பிடித்துக் கரைக்கு இழுத்தார்கள். காய் காற்றோடு மிதந்து போனது. குற்றத்துக்கு இருந்த ஒரே சாட்சி அது. குற்றமில்லை என்பதற்கும் அதுதான் சாட்சி.

இவ்வளவும் ஊர் அறிந்தது. அவள் எறிந்த காரணம் மட்டும் ஊர் அறியாதது. ஒரு கிழமைக்கு முன்னர் சந்தையில் நல்லரத்தினம் அவள் கடையைத் தாண்டிப் போனான். “என்ன தம்பி, என்ட காய் கசக்குதா?” என்று கேட்டதற்கு, “உங்கட காதுதான் அக்கா வைரம், காய் இல்ல” என்று சிரித்துவிட்டுக் காத்தான்குடிக்குப் போய் வாங்கினான். சந்தையே சிரித்தது. வாவியில் எறியுமுன் அவள் அந்தக் காயை மூக்கருகே வைத்தாள். மெழுகு வாடை இல்லை, கைகாரர்கள் காய்க்குப் பூசும் எண்ணெய் வாடைதான். ஒரு கணம் யோசித்தாள். சந்தைச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. எறிந்தாள்.

தண்டனையைப் பறையடித்து ஏழு ஊருக்கும் சொன்னார்கள். நல்லரத்தினம் குடும்பத்தோடு வாவியைக் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல்வட்டைக் கூலிக்குப் போனான்.

அடுத்த வருசம் புரட்டாதியில் சீதேவிப்பிள்ளை காத்தான்குடி ஹவ்வா உம்மாவிடம் பத்துக் காய் வாங்கினாள். கறிக்கு ஒன்றை எடுத்து ஆட்டினாள். சத்தமில்லை. கை நின்றது. கத்தியின் புறத்தால் ஓங்கி அடித்தாள். காய் இரண்டாகப் பிளந்தது. உள்ளே தண்ணீரும் இல்லை, மெழுகும் இல்லை. உறைந்த தயிர்போல வெள்ளையாய் வழுவழுத்த பருப்பு ஓட்டை நிறைத்துக் கிடந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். இனித்தது. அன்று அவள் சோறு தின்னவில்லை.

மறுநாள் காத்தான்குடிக்குப் போனாள்.

“இது என்ன காய் ராத்தா?”

“அதுவா புள்ள, வேலியோரத்து மரம். பத்துக்கு ஒண்டு அப்பிடித்தான் காய்க்கும். ஓடு இரும்பு. உள்ளுக்குத் தண்ணி இரிக்காது. சின்னதுகள் சீனி போட்டுத் திங்கும்.”

“நல்லரத்தினத்துக்கு வித்தது...”

“இந்த மரத்துக் காய்தான். நல்ல புள்ள. அவன்ட காயைக் கள்ளக்காய் எண்டு ஆரோ ஒரு பொம்பிளை பிடிச்சாவாம். ஆரு கா அந்தக் கெட்டிக்காரி?”

“தெரியாது ராத்தா” என்றாள் சீதேவிப்பிள்ளை.

அந்தப் பொய்யோடு எட்டு மாதம் இருந்தாள். காது பிழை செய்யவில்லை. சத்தமில்லை என்று அது சொன்னது உண்மை. மெழுகு என்றது வாய், ஆயுசுக்கும் என்றதும் வாய்தான். சொல்லிவிட்டால் சேலை போகும், தட்டுப் போகும், சந்தையில் இன்னொரு தரம் சிரிப்பார்கள். சொல்லாவிட்டால் ஒன்றும் போகாது. அந்த ஒன்றும் போகாததுதான் அவளைத் தின்றது.

1936 வைகாசியில் மறுபடி களம் கூடியது. வண்ணக்கரின் மருமகன், அதாவது அவர் அக்காவின் மகன், ஒரு காய் வைத்தான். ஆட்டினாள். சத்தமில்லை. எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

“நல்ல காய்” என்றாள்.

அந்தக் காய் நாலு காயை உடைத்துவிட்டு ஐந்தாவதில் பிளந்தது. தயிர் தெறித்து விழுந்தது. “ஐயோ, அம்மன் மோர் வாக்கிறா!” என்று ஒருவன் கத்த, களம் வயிற்றைப் பிடித்துச் சிரித்தது. மருமகன் வழித்துத் தின்றான். வண்ணக்கரும் ஒரு துண்டு வாயில் போட்டார். நல்லரத்தினம் என்ற பெயர் ஒருவர் வாயிலும் வரவில்லை.

சீதேவிப்பிள்ளையால் அதற்குமேல் முடியவில்லை.

“என்ன சிரிப்பு? இதே காய்க்குத்தானே ஒருத்தனைத் தலைமயிரில பிடிச்சுத் தண்ணிக்குள்ளால இழுத்தீங்க! அவன் கள்ளன் இல்ல. நான்தான் பிழை. எட்டு மாசமா எனக்குத் தெரியும்.”

சிரிப்பு நின்றது. வண்ணக்கர் வாயிலிருந்ததை விழுங்கினார்.

“சரி கா. தெரியாமச் செய்த பிழை. அவன்ட தடையை எடுத்தாச்சு. நீ அம்மனுக்கு அஞ்சு தேங்காய் குத்தம் கட்டு. முடிஞ்சுது.”

“அவனுக்கு ஆயுசு, எனக்கு அஞ்சு தேங்காயா? தெரியாமச் செய்தது ஒண்டு. தெரிஞ்சு மூடி வைச்சது ஒண்டு. அதுக்கு என்ன குத்தம்?”

“வாயை வைச்சுக் கொண்டு சும்மா இரு. இதை ஊரூராக் கொண்டு திரிஞ்சா கோயில்ட மானம் என்னாகும்?”

மறுநாள் தோணியேறி கொக்கட்டிச்சோலைக்குப் போனாள். முற்றத்தில் நெல்லுப் புடைத்துக்கொண்டிருந்த நல்லரத்தினத்தின் பெண்டாட்டி கண்ணகை நிமிர்ந்து பார்த்தாள்.

“வாங்க, நீதவான் அம்மா! இஞ்ச ஆரைத் தூக்கில போட வந்தீங்க?”

நல்லரத்தினம் நெல்லுக் களத்திலிருந்து வந்தான். மூட்டை சுமந்து தோள் ஒரு பக்கம் சரிந்திருந்தது. சீதேவிப்பிள்ளை எல்லாவற்றையும் சொன்னாள். மெழுகு வாடை இல்லை என்பதையும் சந்தைச் சிரிப்பையும்கூட மறைக்கவில்லை.

அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

“அப்ப, நான் சந்தையில பகிடி விட்டுச் சிரிச்சதுக்கா அக்கா?”

“ஓம்.”

“தடையை எடுத்தது நேத்துப் பின்னேரமே கேள்விப்பட்டன். தோணிக்காரன் காதுக்குள்ள சொன்னான். கள்ளன் எண்டு சொல்லக்குள்ள பறை அடிச்சாங்க. கள்ளன் இல்ல எண்டு சொல்லக்குள்ள காதுக்குள்ள சொல்லுறாங்க. என்னை ஆரு இனி அடிக்கக் கூப்பிடுவான்?”

“நான் என்ன செய்யட்டும் தம்பி? உன்ட காலில விழட்டுமா?”

“என்ட காலில விழுந்து எனக்கென்ன? அண்டைக்கு எப்பிடிக் கத்தினீங்களோ அப்பிடிக் கத்துங்க. ஏழு ஊரிலயும், சந்தை கூடுற நேரம். அதுக்குப் பிறகு உங்களை மன்னிக்கிறதா இல்லையா எண்டு யோசிக்கன்.”

“சிரிப்பாங்க.”

“ஓம், சிரிப்பாங்க” என்றான். “என்னைப் பாத்து ரெண்டு வருசம் சிரிச்சாங்க.”

தண்டனை சரி என்று அவளுக்குப் பட்டது. வண்ணக்கர் வாயில் வராத ஞாயம் வட்டைக் கூலிக்காரன் வாயில் வந்தது. பறையடிப்பவரிடம் போனாள். வண்ணக்கர் சொல்லாமல் பறையில் கை வைக்கமாட்டேன் என்றுவிட்டார் அவர்.

பறை இல்லாவிட்டால் மணி என்று கல்லடிப் பாலத்தைத் தாண்டிப் பட்டினத்துக்கு நடந்தாள். சரீப்பின் பித்தளைக் கடையில் கைமணிகள் தொங்கின.

“பூசைக்கா?” என்று கேட்டார் சரீப்.

“இல்ல நானா. சந்தை இரைச்சலுக்கு மேலால கேக்கணும். ஏழு ஊர்.”

“அப்ப இந்தச் சின்னது காணாது.”

பள்ளிக்கூடங்களில் அடிக்கும் பெரிய மணியை எடுத்துக் கொடுத்தார். அவள் கடை வாசலில் நின்று ஒரு தரம் ஆட்டினாள். தெருவே திரும்பிப் பார்த்தது. எல்லாரும் தன்னைப் பார்ப்பது அவளுக்குக் கூசியது. ஆனாலும் மணியைக் கீழே வைக்கவில்லை.

பேரம் பேசாமல் மடியை அவிழ்த்தாள். மூன்று ரூபா எழுபத்தைந்து சதம்.