லாபத்துக்கு அடுத்து

நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம் ஏரியூர்ப் பக்கம் மழை பொய்த்துவிட்டது. ராகி பாதிதான் தேறியது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அப்போது பேச்சுவார்த்தை இல்லை. அடுப்பு வேறாகிவிட்டது; நிலம் மட்டும் பொதுவில் இருந்தது. சித்தி கைக்குழந்தையோடு இருக்கிறாளே என்று அம்மா கொடுத்தனுப்பிய ராகி மாவைச் சித்தப்பா அப்படியே திருப்பி அனுப்பியிருந்தார்.

ஆளுக்கு இருபது வள்ளம், மிச்சம் விதைக்கு எங்கள் வீட்டில் என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். வள்ளம் என்றால் நாலு படி. களத்தில் அளப்பது அப்பா. எண்ணுவது யார் என்பதில்தான் சிக்கல்.

"பாப்பா எண்ணட்டும். அதுக்கு ரெண்டு வூடும் ஒண்ணுதான்" என்றார் சித்தப்பா, அப்பாவைப் பார்க்காமல்.

எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. நூறு வரை ஒப்பிப்பேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான்.

சித்தப்பா பங்கின் முதல் வள்ளத்தை "லாபம்" என்று சொல்லி அப்பா சாக்கில் கொட்டினார். அடுத்த வள்ளத்துக்கு நான் "ஒண்ணு" என்றேன். அப்பாவின் கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார்; சாக்கைப் பிடித்திருந்த சித்தியைப் பார்த்தார். பிறகு கொட்டினார். சித்தி குனிந்த தலை நிமிரவில்லை. சித்தப்பா வண்டியில் மாடு பூட்டப் போயிருந்தார். நான் இருபது சொன்னதும் சாக்கைக் கட்டினார்கள். களத்துக்கு ஒரு தடவைதான் லாபம் என்பதால் எங்கள் பங்கை நேராக ஒண்ணிலிருந்தே எண்ணினேன்.

ஆனால் அந்த லாபம் என்னை விடவில்லை. அது சாமிக்கா, பூமிக்கா, எண்ணிக்கையில் சேர்த்தியா? வாசலில் மணலைக் கொட்டி, கொட்டாங்குச்சியால் அஞ்சஞ்சாக இரண்டு பங்கு அளந்தேன், களத்தில் எண்ணியது போலவே. ஒரு குவியல் உயர்ந்து நின்றது. கலைத்துவிட்டு மறுபடி அளந்தேன். அதே குவியல்தான் உயர்ந்தது.

அப்பாவிடம் ஓடினேன்.

"லாபம்னா ஒண்ணாப்பா?"

"ஆமாங் கண்ணு. மொத வார்த்த நல்ல வார்த்தையா இருக்கட்டும்னு அப்படிச் சொல்றது. அடுத்தது ரெண்டு."

"அப்ப சித்தப்பாவுக்கு ஒரு வள்ளம் கூடப் போயிருச்சே?"

"போவட்டும். இத அவங்கிட்டப் போயிச் சொல்லிப்புடாத."

ஒரு கைப்பிடி ராகி சிந்தினால் அம்மாவை ஏசுகிற மனிதர் அவர். என் தப்பு வெளியே தெரிந்தால் எனக்கு வெட்கமாகிவிடும் என்றுதான் மறைக்கிறார் என்று நம்பினேன். அப்பா மேல் பாசம் பொங்கியது. இனி அவருக்கு இந்தச் சங்கடம் வரவே கூடாது என்று தீர்மானித்து, பள்ளிக்கூடத்தில் கணக்கை விழுந்து விழுந்து படித்தேன்.

அடுத்த வருடமும் மழை சரியில்லை. சித்தி வீட்டுக் குழந்தை நடக்க ஆரம்பித்திருந்தது. சித்தப்பா இன்னும் பேசவில்லை. எண்ணுவதற்கு அப்பா என்னையே கூப்பிட்டார். சித்தப்பா பங்குக்கு "லாபம்" என்று கொட்டிவிட்டு, அடுத்த வள்ளத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

நான் கணீரென்று "ரெண்டு" என்றேன். அப்பா மெச்சிக்கொள்வார் என்று காத்திருந்தேன்.