கயிறு கட்டிய ட்ரம்ஸ்

பேண்டில் பாட்டுக்காரர் ஒரு வரியை மறந்தால் சனம் சேர்ந்து பாடிக் காப்பாற்றிவிடும். ட்ரம்ஸ் அடிப்பவள் ஒரு அடியை மறந்தால் சமையல்கட்டில் நிற்பவர்கூட எட்டிப் பார்ப்பார். அந்தப் பயத்தோடேயே இத்தனை காலமும் அடித்துவிட்டேன். இப்போது இதை எழுதும்போதும் எங்காவது பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்று ஒவ்வொரு வரியையும் திரும்ப வாசிக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், முன்னுக்குப் பின் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மேடையில் பின்னால் இருந்து மற்றவர்களின் முதுகைப் பார்த்தே வயது போனவர்கள் இதை வாசித்தால், உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை.

காகம் விரட்டியது

முந்தல் ஊருக்கு அங்கால் கடற்கரையில் எங்கள் அப்பாவுக்கு மீன் காயவைக்கிற கருவாட்டு வாடி இருந்தது. அம்மாவுக்கு மூட்டுவலி வந்து குனிய முடியாமல் போனதும், பாயில் பரப்பிய மீனைப் புரட்டவும் காவல் இருக்கவும் என்னைப் பள்ளிக்கூடம் விடாமல் மறித்துவிட்டார்கள். காவல் என்றால் காகத்துக்குத்தான். கல் எறிந்தால் மீனில் படும், கத்தினால் தொண்டை போகும். ஆகவே மீன் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு, இரண்டு கம்பால் அடிக்கத் தொடங்கினேன். நீலப் பெட்டிக்கு ஒரு சத்தம், வெடித்த பெட்டிக்கு இன்னொரு சத்தம். பிஸ்கட் தகரத்தின் மூடியைக் கயிற்றில் தொங்கவிட்டால் அது வேறு.

பக்கத்து வாடிக்காரர் வந்து, பொம்பிளைப் பிள்ளைக்கு இதென்ன பழக்கம், காது வலிக்கிறது என்று முறைப்பாடு சொன்னார். கம்புகளைப் பாய்க்குக் கீழே ஒளித்தேன். அம்மா அவரைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, ஆறுதலாகச் சொன்னா:

"அண்ணன், உங்கட மீனை எல்லாம் காகம் கொண்டுபோகுது. எங்கட பாயில ஒரு காகம் இருக்குதா எண்டு பாருங்க. நீ அடி பிள்ளை."

பிரசங்கத்தின் நடுவில்

எங்கள் வேதக் கோவில் பாடகர் குழுவில் ட்ரம்ஸ் அடித்தவர், இந்தக் கரையில் பாதிப் பேரைப் போல, இத்தாலிக்குப் போய்விட்டார். ட்ரம்ஸ் மட்டும் துணியால் மூடிக் கிடந்தது. நான் அப்போது குழுவில் பின்வரிசையில் வாயசைப்பவள். நத்தார் பண்டிகை நெருங்க வேறு வழியில்லாமல் என்னைப் பிடித்து இருத்தினார்கள். மீன் பெட்டியில் இல்லாத ஒன்று இதில் இருந்தது, காலால் மிதித்து அடிக்கிற பெரிய ட்ரம். அதன் பெடலில் என் பாவாடைக் கரை போய் மாட்டிக்கொண்டது.

பாட்டு முடியும்வரை தெரியவில்லை. சுவாமியார் பிரசங்கம் தொடங்கியதும் மெல்லக் குனிந்து பாவாடையை இழுத்தேன். இழுத்த இழுப்பில் பெரிய ட்ரம் ஒரு முறை அதிர, சிம்பல் தட்டு சாய்ந்து, மடியில் இருந்த குச்சி உருண்டு படியிறங்கிப் பீடத்துக்கே போய்விட்டது. பூசை முடிந்ததும் மன்னிப்புக் கேட்கப் போனேன். குச்சியைக் கையில் தந்துவிட்டு சுவாமியார் சொன்னார்:

"இண்டைக்குத்தான் என்ட பிரசங்கத்தில ஒருத்தரும் நித்திரை கொள்ளல்ல. அடுத்த ஞாயிறும் வாங்க."

முதல் கலியாணம்

அந்தக் குழுவில் ஓகன் பெட்டி வாசித்தவரைத்தான் கட்டிக்கொண்டேன். அவர் கலியாண வீடுகளுக்கு வாசிக்கிற பேண்ட் ஒன்றிலும் இருந்தார். அதன் தலைவர் பெனடிக்ற், என்னைவிட இளையவர், பாட்டும் கிற்றாரும் அவர்தான். அவர்களுடைய ட்ரம்ஸ்காரரும் வெளிநாடு போக, என் கணவர் என் பேரைச் சொல்லியிருக்கிறார். சிலாபத்துப் பக்கம் சிங்களக் கலியாணம். ஆட்களை ஆடவைக்கிற பைலா அடிக்கவேண்டும்.

அடித்தேன். ஒரு பாட்டு, அது முடியாமலே அடுத்த பாட்டு. வேர்த்து ஒழுகிய ஒரு பெரியவர், கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு மேடைக்கே வந்து, நிறுத்தவேண்டாம் தங்கச்சி என்று சிங்களத்தில் சொல்லிக் கும்பிட்டார்:

"நங்கி, நவத்தன்ன எப்பா."

கேக்கை நோக்கி

இதைத்தான் சரியாகச் சொல்லவேண்டுமே என்று பயந்தேன். பெரிய ட்ரம்மைக் காலால் மிதிக்க மிதிக்க அது முன்னால் நகரும். பழைய மண்டபங்களில் பலகை மேடை, பாய் விரிப்பார்கள், பிரச்சினை இல்லை. இப்போது எல்லாம் பளபளக்கும் மாபிள் தரை. அப்படி ஒரு புது மண்டபத்தில் ட்ரம் நழுவிக்கொண்டே போனது. நான் காலை நீட்டினேன், பிறகு நான் இருந்த முக்காலியை இழுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். மேடை விளிம்புக்குக் கீழே மூன்று தட்டுக் கலியாணக் கேக். ட்ரம் கேக்கில் விழுவதும், அதன்மேல் நான் விழுவதும் கண்ணில் தெரிந்தன. காலை மெதுவாக்கினேன். ஆடியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க் குந்திவிட்டார்கள்.

லொறியில் திரும்பி வந்தோம். பாலாவிச் சந்தியில் இறங்கி நின்றபோதுதான் பெனடிக்ற் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், என் இடத்துக்குச் சிலாபத்தில் ஒரு பொடியனிடம் கதைத்து வைத்திருக்கிறாராம். அடுத்த கலியாணத்துக்கு மட்டும் நான் வரலாம், அதோடு பார்க்கலாமாம்.

"கோவிக்காதீங்க அக்கா. பயந்து பயந்து மிதிச்சா ஆக்கள் கதிரையை விட்டு எழும்பமாட்டாங்க."

செங்கல்லும் கயிறும்

கோவிக்கவில்லை, அழுதேன். அந்த முக்காலியை விட்டால் எனக்குப் போக வேறு இடம் இல்லை. பிறகு சீமெந்து முற்றத்தில் ட்ரம்மை வைத்துப் பார்த்தேன். முன்னால் செங்கல் வைத்தேன், செங்கல்லும் சேர்ந்து போனது. ஈரச் சாக்கு விரித்தேன், சாக்கும் போனது. கணவர் தன் காலால் தடுத்துப் பார்த்தார். அவருக்கும் வயது போகிறது, ஓகனையும் பார்க்கவேண்டும்.

கடைசியில் வாடியில் கிடந்த நைலோன் கயிறுதான் கண்ணில் பட்டது. தோணி அலையோடு போகாமல் கட்டிப் பிடிக்கிற கயிறு. பெரிய ட்ரம்மின் இரண்டு கால்களிலும் கட்டி, பின்னால் இழுத்து, நான் இருக்கிற முக்காலியின் காலில் சுற்றி முடிச்சுப் போட்டேன். ஏறி இருந்தேன். என் பாரம்தான் நங்கூரம். உடம்பு வைத்துவிட்டதே என்று எவ்வளவு கவலைப்பட்டிருப்பேன். அன்றைக்குத்தான் ஆண்டவருக்கு அதற்கும் நன்றி சொன்னேன்.

அடுத்த கலியாணமும் மாபிள் மண்டபம்தான், கேக் மேசையும் மேடைக்கு நேர் கீழேதான். முதல் பாட்டில் இரண்டு முறை குனிந்து முடிச்சைப் பார்த்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மிதித்தேன். கண்ணைத் திறந்தபோது பெண்ணின் தாய் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஆடிக்கொண்டிருந்தா. ட்ரம் வைத்த இடத்திலேயே நின்றது. எங்கள் சாமான் ஏற்றுகிற லொறிக்காரர் ரஹீம் நானா, கரைத்தீவுக்காரர், கதவடியில் நின்று பார்த்துச் சிரித்தார். லொறியில் சாமான் எல்லாவற்றையும் தான் கட்டியதாகவும், ட்ரம்ஸ்காரியைக் கட்டத்தான் மறந்துவிட்டதாகவும் பிறகு பகிடி பண்ணினார்.

சாப்பாட்டுக்கு எல்லாரும் இறங்கிப்போக, முடிச்சை அவிழ்க்க மனமில்லாமல் நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். பெனடிக்ற் ஒரு தட்டில் சோறு கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"சாப்பிடுங்க அக்கா. சிலாபத்துப் பொடியனுக்கு வரவேண்டாமெண்டு சொல்லிட்டன்."

ஊரையே கதிரையை விட்டு எழுப்பவேண்டியவள், அதற்காக ட்ரம்மை முக்காலியோடு கட்டிக்கொண்டு தான் எழும்பாமல் இருப்பதுதான் நான் கடைசியாகக் கண்டுபிடித்த பாதுகாப்பு.