ஜனவரி ஒன்றில் பிறந்தவர்கள்

இந்த ஜனவரி முதல் தேதி, அடையாற்றில் நான் பயிற்சிக்குப் போகும் அலுவலகத்தில் ஒரு கேக் வெட்டினார்கள். அறிக்கை அனுப்ப நாள் நெருங்கிவிட்டதால் விடுமுறையிலும் எல்லாரும் வந்திருந்தோம். புத்தாண்டுக்காக வெட்டுகிறார்கள் என்று நினைத்து, நானும் ஒதுங்கி நின்று கைதட்டினேன். கத்தியை என் கையில் திணித்தபோதுதான் விளங்கியது, அது என் பிறந்தநாளாம். சேரும்போது நிரப்பிக் கொடுத்த படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது. அலுவலகத்தை நடத்தும் வைதேகி மேடத்திடம், "மேடம், எனக்கு இண்டைக்கு..." என்று தொடங்கினேன். அவர் என்னை முடிக்கவிடவில்லை.

"முட்டை போடாத கேக்தான்டி, பயப்படாம சாப்பிடு. நானே சொல்லி வாங்கிண்டு வந்தேன்."

நான் ஆடியில் பிறந்தவள். ஊரில் இருக்கும் உங்களில் சிலருக்கு அது நினைவிருக்கும். ஆடி அமாவாசைக்கு மறுநாள் எங்கள் வீட்டில் இரண்டாம் முறையாகப் பாயசம் காய்ச்சுவார்கள். தொண்ணூறில் யுத்தத்துக்குத் தப்பி வந்த எங்களைப் படகு இந்தக் கரையில் இறக்கிய காலையில், வேப்பமரத்தடியில் மேசை போட்டு ஒரு எழுத்தர் உட்கார்ந்திருந்தார். அம்மாவின் சேலையிலிருந்து கடல்நீர் வடிந்துகொண்டிருந்தது. எனது பிறந்தநாளைக் கேட்டதும் அம்மா ஆடி அமாவாசைக் கதையைச் சொன்னார். "ஆடியெல்லாம் இதுல எழுத முடியாதும்மா, வயசை மட்டும் சொல்லுங்க" என்றார் அவர். பதினைந்து என்றோம். விரல்விட்டுப் பின்னோக்கி எண்ணி, ஒரு வருடத்தைப் பிடித்து, அதற்கு முன்னால் ஒன்று, ஒன்று என்று எழுதினார். குரலில் கோபமில்லை. எங்களுக்குப் பின்னால் வரிசை மணலில் வளைந்து வளைந்து தண்ணீர் வரை நின்றது. அம்மாவிடம் விளக்கமான பதில் இல்லாததால் எனக்கு மட்டும் நேர்ந்த அவமானம் அது என்று நினைத்தேன். அதனால் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது அம்மாவும் நானும் மயிலாப்பூரில் ஒரு மாடி அறையில் இருக்கிறோம். புள்ளியியல் படித்து முடித்த கையோடு, ஒரு நாள்கூடச் சும்மா இருக்க முடியாமல், இந்த அலுவலகத்தில் ஒரு வருடப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். வேலை என்னவென்று அப்பாவுக்குக் கடிதத்தில் எழுத மிகவும் சிரமப்பட்டேன். கடல் கடந்து வந்த அகதிகளைப் பற்றி இந்த மாநிலத்தில் பலர் பட்டியல் வைத்திருக்கிறார்கள். முகாம்களில் வேலைசெய்யும் தொண்டர்களிடம் ஒன்று. நகரத்தில் வாடகைக்கு இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் கன்னியாஸ்திரிகளிடம் இன்னொன்று. பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் வாங்கித் தருபவர்களிடம் மூன்றாவது. ஒருவர் பட்டியலை மற்றவர் பார்த்ததில்லை. மூவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, எதைப் பகிரலாம், எதைப் பகிரக்கூடாது என்று ஒப்பந்தம் எழுதி, மூன்றையும் கணினியில் ஒன்றாக்குவதுதான் எங்கள் வேலை. ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்தவள் நான். இரண்டு வரிகள் மனப்பாடம். ஒருவர் ஒருமுறை மட்டுமே எண்ணப்படுவார். முகவரி எவருக்கும் தரப்படாது.

அப்பா பதில் போட்டார். அவர் வீட்டைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருக்கிறார். "விதானையார் கணக்கெடுக்க வந்தவர். உன்ர பேரை வெட்டட்டோ எண்டு கேட்டார். பிள்ளை வெளியில போயிருக்கு, வரும் எண்டு சொல்லிப்போட்டன். முற்றத்து மாமரம் காய்க்குதோ எண்டும் விசாரிச்சார்." அந்த வரியைப் படித்தபோது ஒப்பந்தம் மேசைமேல் கிடந்தது. அங்கே விதானையாரின் ஊர்ப் பதிவேட்டிலும் ஒரு வரிசையில் நான் இருக்கிறேன், ஆடி மாதத்தோடு.

அலுவலகம் ஒரு பழைய வீட்டின் மாடி. என் மேசைக்குப் பக்கத்து ஜன்னலில் ஆறு கடலோடு சேரும் இடம் தெரியும். மத்தியான வெயிலில் ஆறு எது, கடல் எது என்று பிரிக்க முடியாத ஒரு வெள்ளி வெளிச்சம் பரவிக்கிடக்கும். மின்விசிறிக் காற்றில் தாள்கள் மூச்சுவிடும். அரைக்கண்ணில் பார்த்தால் பட்டியலின் பெயர்கள் எல்லாம் முழங்கால் தண்ணீரில் நடந்து ஒன்றையொன்று தேடிப் போவதுபோல இருக்கும். மூன்று பட்டியலும் ஒன்றானதும் தொலைந்தவர்கள் எல்லாரும் அடுத்தடுத்த வரிசையில் வந்து நிற்பார்கள் என்று நான் உண்மையிலேயே நம்பினேன்.

அந்த நம்பிக்கைக்கு ஒரு முகம் இருந்தது. ரவீந்திரன் அண்ணா. தி. நகரில் ஒரு ஜவுளிக்கடைக் கிடங்கில் புடவை மடிக்கும் வேலை. செவ்வாய்க்கிழமை தோறும் சாப்பாட்டு நேரத்தில் பஸ் பிடித்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். படகு ஏறும் நெரிசலில் தங்கை யோகராணி வேறு படகில் போய்விட்டாள். வந்து சேர்ந்தாளா இல்லையா என்றே தெரியாமல் ஐந்து வருடம். "பேர் ஏதும் வந்ததே, தங்கச்சி?" என்பார். இல்லை என்றால், "பரவாயில்லை, அடுத்த கிழமை வாறன்" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார். பட்டியல் ஒன்றாகட்டும் அண்ணா, கட்டாயம் கண்டுபிடிச்சுத் தருவன் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அப்படி ஒரு வாக்கைக் கொடுக்க எனக்கு யார் உரிமை தந்தார்கள் என்று அப்போது யோசிக்கவில்லை.

பட்டியல்களைக் கணினியில் ஏற்றுவது செல்வி. என் வயதுதான் இருக்கும். ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து நடந்தே வருவாள். பார்க்காமல் தட்டுவாள், தட்டிக்கொண்டே பேசுவாள். ஒருநாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்:

"இன்னாக்கா இது, உங்க ஊர்ல அல்லாரும் ஒரே நாள்லதான் பொறந்தீங்களா? ஆஸ்பத்திரில எடம் பத்துச்சா?"

எட்டிப் பார்த்தேன். ஜனவரி ஒன்று, ஜனவரி ஒன்று என்று மழைச்சரம் போல இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கணம் நெஞ்சில் ஏதோ தட்டியது உண்மை. ஆனால் நான் அவசரக்காரி. ஒரே ஆளை இரண்டு மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள், அதனால்தான் ஒரே தேதி திரும்பத் திரும்ப வருகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாடப்புத்தகத்தில் பிறந்த தேதிதான் ஆளை அடையாளம் காண உறுதியான சாவி. பெயர், தகப்பன் பெயர், ஊர், பிறந்த தேதி நான்கும் பொருந்தினால் ஒரே ஆள், முதல் வரிசையை வைத்துக்கொண்டு மற்றதை அழி என்று ஒரு நிரல் எழுதினேன். ஓடி முடித்ததும் பட்டியல் இளைத்து அழகாக நின்றது. அதில் ஒரேயொரு யோகராணி. தகப்பன் கந்தசாமி. ஊர் சரி. தெற்கே ஒரு முகாம்.

செவ்வாய்க்கிழமை வரும்வரை எனக்குத் தரையில் கால் படவில்லை. ரவி அண்ணா செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே தாளை நீட்டினேன். அவர் வாசித்தார். மறுபடி வாசித்தார். பிறகு புடவை மடிப்பதுபோல ஓரத்தோடு ஓரம் வைத்து, விரலால் நீவி, தாளை நாலாக மடித்தார்.

"இந்தப் பிள்ளையைப் போன வருசமே போய்ப் பாத்திட்டன், தங்கச்சி. நல்ல சனம். தேத்தண்ணியெல்லாம் தந்தவை. என்ர தங்கச்சி இல்லை."

என்னிடம் கோபப்பட்டிருக்கலாம். "வெயிலுக்குள்ள மினக்கெட்டுச் செய்திருக்கிறீர்" என்றார். அவர் படி இறங்கும் சத்தம் ஓய்ந்த பிறகு செல்வி நாற்காலியைத் திருப்பினாள்.

"யோகராணி ரெண்டு பேருக்கா. ஒன்னு கேம்ப்பு. இன்னொன்னு சிஸ்டருங்க லிஸ்ட்டுல, இங்க மெட்ராஸ்லயே கீது. நான்தானே அடிச்சேன்."

"ஏன் அப்பவே சொல்லேல்ல?"

"ஒரே நாள்ல பொறந்தீங்களான்னு கேட்டேன்ல? நீ எங்க நின்ன? ஓடிக்கினே கீற."

அந்த மேசையும் வேப்பமரமும் அப்போதுதான் என் முன்னால் வந்து நின்றன. மணலில் வளைந்து நின்ற வரிசை முழுவதும். எனக்குப் பின்னால் நின்றவர்கள், முன்னால் நின்றவர்கள், மற்றக் கரைகளில் இறங்கியவர்கள், எல்லாரும் விரல்விட்டு எண்ணப்பட்டு அந்த ஒரே நாளில் பிறப்பிக்கப்பட்டவர்கள். கந்தசாமிகள் நிறைந்த நம் ஊர்களில் யோகராணிகளுக்கும் குறைவில்லை. என் அகதி அட்டையிலேயே எழுதியிருந்ததை வேறு யாராவது கவனிக்காமல் விடலாம். நான் விட்டேன்.

வைதேகி மேடத்திடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எத்தனை பேரை அழிச்சிருக்கே?"

"தெரியாது, மேடம்."

யார் யார் என்று தெரியாமலேயே அழித்துவிட்டேன் என்பது அதைச் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஏற்றி முடித்த மூலத்தாள்களை ஒப்பந்தப்படி திருப்பிக் கொடுத்தாயிற்று. மூன்று இடத்திலும் போய்க் கெஞ்சி மறுபடி வாங்கி வந்து, செல்வியும் நானும் முதலிலிருந்து தொடங்கினோம். அவள் வாசிக்க நான் சரிபார்ப்பேன். நடுவில் ஒருநாள், "எங்க வூட்டுக் கதவுல சாக்பீஸ்ல நம்பர் போட்டுட்டுப் போய்க்கீறாங்க, ஊருக்கு வெளிய அனுப்பப் போறாங்களாம். நாங்கல்லாம் உன் லிஸ்ட்ல வருவமா?" என்றாள். நாட்டைக் கடந்தவர்கள்தான் இதில் வருவார்கள் என்றேன். "ஆத்தத் தாண்டுனா கணக்குல வராதா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பெயரை வாசித்தாள்.

மயிலாப்பூரில் கன்னியாஸ்திரிகளின் இல்லத்துக்கு ரவி அண்ணாவையும் கூட்டிக்கொண்டு போனேன். பட்டியலுக்குப் பொறுப்பான சிஸ்டர் பெயரைப் பார்த்தார், இருக்கிறாள் என்று தலையசைத்தார். ரவி அண்ணா சுவரைப் பிடித்துக்கொண்டார். முகவரி கேட்டேன்.

"தர முடியாதும்மா. நீயே டைப் பண்ணின காகிதம்தானே அது?"

"அண்ணன் இவர், சிஸ்டர். ஐஞ்சு வருசம்..."

"அண்ணன்னு இவரு சொல்றாரு. அந்தப் பொண்ணு சொல்லட்டும். தன்னைத் தேடறது அவளுக்குப் பிடிக்குதான்னு மொதல்ல கேக்கணும்ல? அவளுக்கு மட்டும் பதில் தெரிஞ்ச கேள்வி ஒண்ணு எழுதிக் குடுங்க."

எனக்கு ஆத்திரமாக வந்தது. ரவி அண்ணாதான் "சிஸ்டர் சொல்லுறது சரி, தங்கச்சி" என்று சொல்லி, பேனாவை வாங்கி, துண்டுத்தாளில் எழுதினார்: அம்மா உன்னை எப்ப பெத்ததெண்டு சொல்லுறவ?

அதிலிருந்துதான் எங்கள் பட்டியலில் ஒரு புதிய நெடுக்குப் பத்தி வந்தது: வீட்டில் சொல்லும் பிறந்தநாள். இதெல்லாம் தரவு இல்லை, கதை என்று அலுவலகத்தில் மற்றவர்கள் மறுத்தார்கள். "ஒரு பத்தி கூடப் போட்டா என்ன கொறைஞ்சு போயிடப் போறது?" என்று வைதேகி மேடம் முடித்துவைத்தார். தொண்டர்கள் கேட்டு எழுதி அனுப்பத் தொடங்கினார்கள். மூன்றாம் மழைக்கு அடுத்த நாள். அண்ணன் பள்ளிக்கூடம் தொடங்கிய அன்று. பனங்கிழங்கு கிண்டிய கிழமை. ஒரே நாளில் பிறந்திருந்த சனம் மெல்ல மெல்ல வருடம் முழுவதும் பரவிப் பிறந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஆறும் கடலும் எப்போதும்போலக் கலந்து கிடக்க, நான் ஒவ்வொரு பிறப்பாகத் தட்டினேன். செவ்வாய்க்கிழமைகள் வந்தன, போயின. பதில் மட்டும் வரவில்லை. தேடப்பட அவளுக்கு விருப்பமில்லையோ என்று ரவி அண்ணா ஒருமுறைகூட வாய்விட்டுக் கேட்கவில்லை. நான் மனதில் கேட்காத நாளில்லை.

அந்தத் துண்டுத்தாள் கேக் வெட்டிய அன்றுதான் வந்தது. சிஸ்டரே ஆட்டோவில் கொண்டுவந்தார். ரவி அண்ணாவின் கடைக்குப் போன் போட்டுச் சொன்னோம். அவர் வரும்வரை யாரும் அதைப் பிரிக்கவில்லை. வந்து பிரித்தவர், சத்தம் போட்டு வாசித்தார்.

"கொடியேறின அண்டு. அம்மாவுக்குக் கோயில் மணி கேட்டதாம். மருத்துவிச்சியைக் கூட்டிவரப் போன அண்ணா, பொங்கல் புக்கைக்கு வரிசையில நிண்டிட்டுப் பிந்தித்தான் வந்தவனாம். இப்பவும் பிந்தித்தான் வாறான்."

ரவி அண்ணா சிரித்தார். சிரிப்பு எங்கேயோ வழிமாறிப் போக, தாளால் முகத்தை மூடிக்கொண்டார். கீழே சிஸ்டர்களின் இல்லத்து முகவரி இருந்தது. அதற்கும் கீழே, யோகராணியின் கையெழுத்திலேயே, ஞாயிறு வரச்சொல்லி. இந்தத் தாளை மட்டும் அவர் மடிக்கவில்லை. விரித்தபடியே கையில் பிடித்துக்கொண்டு, செல்வி கொடுத்த கேக்கைத் தின்றார்.

"ஆருக்குப் பிறந்தநாள்?" என்றார்.

"எனக்காம்."

"உம்மட வீட்டில எப்ப எண்டு சொல்லுவினம்?"

அவர் போன பிறகு என் வரிசையைத் திறந்தேன். புதிய பத்தியில் எல்லாருக்கும் எழுதியிருந்தேன், என்னுடையது மட்டும் காலியாக இருந்தது. ஆடி அமாவாசைக்கு மறுநாள் என்று தட்டி, அச்சுக்குக் கொடுத்தேன். புதிய பத்தி சேர்ந்ததில் பட்டியல் அகலமாகிவிட்டது, எங்கள் அச்சு இயந்திரத்தின் தாள் போதாது. கடைசிப் பத்தியை அது எப்போதும் தனித் தாளில்தான் அடித்துத் தரும். செல்வி இரண்டையும் கிழித்தெடுத்து, வரிசைக்கு வரிசை பொருத்திச் சிவப்புத் தரையில் பக்கம் பக்கமாக விரித்தாள். ஒரு தாளில் என் பெயரும் ஜனவரி ஒன்றும். மற்றதில், பெயரில்லாமல், என் ஆடி.

மின்விசிறிக்கு இரண்டும் விலகின. செல்வி ஒன்றின்மேல் கேக் பெட்டியை வைத்தாள். மற்றதை நான் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒரு விரற்கடை அகலத்துக்குத் தரை தெரிந்தது.