இருபது பேருக்குள்

எங்கள் அக்காவுக்குக் கல்லூரியில் இடம் கிடைக்குமா கிடைக்காதா என்பதை முடிவு செய்தது புதுக்கோட்டை–திருச்சி பஸ். இப்போது சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அந்த ஜூன் மாதம் எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் கோயிலுக்குப் பின்தெருவில் குடியிருந்தோம். அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். அக்கா பிளஸ் டூ முடித்திருந்தாள். கணக்கில் இருநூறுக்கு நூற்று எண்பத்து நான்கு. அவளுடைய கணக்கு டீச்சர் திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியின் விண்ணப்பத்தை வாங்கி, தானே பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைத்து, தானே தபாலிலும் சேர்த்துவிட்டார். கணிதம், ஆனர்ஸ். சாதாரண பட்டப்படிப்பு இல்லை, பொறுக்கி எடுத்த இருபது பேருக்கு மட்டும் தனியாக நடத்துகிற வகுப்பு என்று டீச்சர் சொன்னாராம். இதைக் கேட்ட பக்கத்து வீட்டுப் பெரியம்மா, “ஓனர்ஸா? ஒங்கப்பாவுக்கு என்ன நாலு லாரியா ஓடுது?” என்றார். அன்றைக்கு எனக்குத் தலை பின்னும்போது அக்கா முடியைப் பிடித்து அப்படி இழுத்தாள்.

நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. விண்ணப்பித்த எல்லோருக்கும் வந்திருக்கும். தகப்பனாரோ தாயாரோ கூட வரவேண்டும் என்று அதில் இருந்தது. அப்பா கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டு, நான்காக மடித்து, மறுபடியும் பிரித்தார். பிறகு அம்மாவிடம் சொன்னார்.

“இவ இருபது பேருக்குள்ள வருவான்னு உறுதியாத் தெரிஞ்சா கூட்டிக்கிட்டுப் போறேன். இல்லைன்னா எதுக்கு? அத்தன பேரு முன்னாடி நின்னு, இல்லைன்னு சொல்லக் கேட்டுட்டு வரவா?”

அப்பா யாரிடமும் போய் நிற்கக் கூச்சப்படுவார். அந்தக் கூச்சம் அப்படியே எனக்கும் வந்திருக்கிறது.

சீட் கிடைக்காவிட்டால் ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளையைத் தேடிப் போக வேண்டியதில்லை. அம்மாவின் தம்பி, எங்கள் மாமாதான். அக்கா பிறந்த அன்றே பேசியது என்று அம்மா சொல்வாள். அப்பா அவரை மாப்ள என்று கூப்பிடுவார். மனைவியின் தம்பியையும் அப்படித்தான் கூப்பிடுவது, மகளைக் கட்டப்போகிறவரையும் அப்படித்தான். ஒரே சொல்லில் இரண்டும் அடங்கிவிட்டதால் எங்கள் வீட்டில் அதைப் பற்றித் தனியாகப் பேசவேண்டிய தேவையே வரவில்லை. சீட் கிடைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை அம்மாதான் ஒருநாள் அடுப்படியில் முணுமுணுத்தாள். “மூணு வருசம் திருச்சியில படிச்சிட்டு வர்றவ, பத்தாவது படிச்ச கண்டக்டருக்கா கழுத்த நீட்டப் போறா?” எனக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. கல்லூரியும் நடக்கும், ஆவணியில் கல்யாணமும் நடக்கும், எனக்குப் பட்டுப்பாவாடையும் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா திருச்சி போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். யோசனை அவருடையதுதான்.

“நான் பாத்துச் சொல்றேன் மச்சான். அந்தக் காலேஜுக்குப் போற புள்ளைக பூராம் நம்ம வண்டியிலதான ஏறுதுக. ஆளுக்கு என்ன மார்க்குன்னு கேட்டுட்டா, இவ எத்தனாவதுன்னு தெரிஞ்சிரும்.”

அது மார்க் ஷீட்டும் பையுமாக எல்லோரும் திருச்சிக்கு அலைகிற பருவம். பயணிகள் கீழே போட்டுவிட்டுப் போன டிக்கெட்டுகளைப் பொறுக்கி, அதன் பின்பக்கத்தில் மாமா மார்க்கை எழுதிக்கொண்டு வருவார். ஒரு டிக்கெட்டுக்கு ஒரு பெண். விளக்கு வைக்கிற நேரத்தில் வந்து, தோல்பையிலிருந்து எடுத்துக் கூடத்தில் பரப்புவார். ரோஸ், பச்சை, மஞ்சள். நான் பஸ் டிக்கெட் சேர்க்கிறவள் என்பதால் பெரிய மார்க்கிலிருந்து சின்ன மார்க் வரை வரிசையாக அடுக்குகிற வேலை எனக்கு வந்தது. அக்காவுக்கும் ஒரு டிக்கெட் உண்டு.

முதல் நாள் அக்கா இரண்டாவது. மூன்றாம் நாள் ஆறாவது. அப்புறம் ஒன்பது, பன்னிரண்டு. அக்கா கீழே இறங்க இறங்க வீட்டில் ஒருவரும் ஓரிடத்தில் உட்காரவில்லை. அப்பா சாப்பாட்டின் நடுவே எழுந்து வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வருவார். அம்மா கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள். அக்கா பழைய கணக்கு நோட்டை எடுப்பாள், ஒரு பக்கம் பார்ப்பாள், மூடிவைப்பாள், ஐந்து நிமிடத்தில் மறுபடியும் எடுப்பாள். அவள் தட்டில் சோறு அப்படியே இருக்கும்.

பதினைந்தாவது இடத்துக்கு வந்த அன்று அக்கா வாயைத் திறந்துவிட்டாள்.

“அது எப்பிடி மாமா, ஒங்க வண்டியில ஏறுறவ பூராம் நூத்தித் தொண்ணூறுக்கு மேலயே வாங்கிருக்கா? கொறைச்சலா வாங்குனவளுக்கெல்லாம் பஸ்ல எடம் இல்லையா?”

“நான் என்ன மார்க் போடுற வாத்தியாரா? அவுங்க சொல்றத எழுதுறேன்.”

“எழுதுறது ஒங்க கைதானே?”

அம்மா அக்காவை முறைத்தாள். மாமா பையை மாட்டிக்கொண்டு, வைத்த காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார். அக்கா எதற்காக அப்படிக் கேட்டாள், மாமா எதற்காகக் கோபப்பட்டார் என்று எனக்குப் புரியவில்லை. மாமாவின் கையெழுத்து நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் அவர் கொண்டுவந்த டிக்கெட்டுகளில் விதவிதமான எழுத்துகள் இருந்தன. நீல மை, கறுப்பு மை, ஒன்று பென்சில். மார்க்குக்குக் கீழே கையெழுத்து, படித்த பள்ளிக்கூடம்.

“அவுங்க கையாலயே எழுதி வாங்கியாந்துருக்கேன். அதுக்குள்ள கீரனூர்ல ரெண்டு பேரு டிக்கெட் எடுக்காமலே எறங்கிட்டாங்ய. மொதலாளிகிட்ட நான்தான் வாங்கிக் கட்டிக்கிட்டேன்” என்றார் மாமா, அக்காவைப் பார்க்காமல்.

அன்றைக்குக் காப்பியை அக்காவே கொண்டுவந்து வைத்தாள். மாமா அதைக் குடித்து முடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

நேர்முகம் திங்கட்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு மாமாவுக்கு டூட்டி இல்லை. காலையிலேயே வந்துவிட்டார். எல்லா டிக்கெட்டையும் கடைசியாக ஒருமுறை அடுக்கச் சொன்னார்கள். நான் அடுக்கினேன். அக்காவுக்கு மேலே எத்தனை என்று எண்ணினேன். இருபது. மறுபடியும் எண்ணினேன். இருபதேதான். அக்கா இருபத்தொன்றாவது.

அப்பா வாசலில் காற்று குறையாத சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியில். அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, டிக்கெட்டுகளைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவின் டிக்கெட்டுக்கு நேர் மேலே ஒரு ரோஸ் டிக்கெட். நூற்று எண்பத்தைந்து. ஐந்தின் வாலை நீட்டி அழகாக எழுதியிருந்தாள் யாரோ ஒருத்தி. நான் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

இவ்வளவு மெல்லிசான காகிதம் மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டே போகும் என்று எனக்குத் தெரியாது. நிமிர்ந்தபோது மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மெல்லுவதை நிறுத்தினேன்.

“என்ன மாப்ள, எண்ணியாச்சா?” என்று அப்பா வாசலிலிருந்தே கேட்டார்.

மாமா டிக்கெட்டுகளைக் கையில் எடுத்தார். அக்கா நின்ற பக்கம் ஒருமுறை பார்த்தார். ஒவ்வொன்றாகத் தரையில் வைத்துச் சத்தமாக எண்ணினார்.

“மேல பத்தொம்போது. இவ இருபதாவது மச்சான்.”

“நல்லா எண்ணுடா” என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

“நல்லாத்தான்க்கா எண்ணிருக்கேன்.”

காகிதம் தொண்டையில் இறங்கியது. அடி வாங்காமல் தப்பித்தேன் என்ற நிம்மதி தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் மாமா பொய் சொன்னார் என்று எண்ணிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை மாமாவின் பஸ்ஸிலேயே போனோம். அழுது அடம்பிடித்ததால் என்னையும் கூட்டிப்போனார்கள். கல்லூரி வாசலில் அப்பா அப்படியே நின்றுவிட்டார். தஞ்சாவூர், கரூர், பெரம்பலூர் என்று எங்கெங்கிருந்தோ வந்த பெண்கள் அந்த மண்டபம் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். இவர்களில் முக்கால்வாசிப் பேர் மாமாவின் பஸ்ஸைக் கண்ணால்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள். அப்பாவின் முகம் கறுத்தது. திரும்பிவிடுவார் என்று பயந்து அக்கா அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். நல்லவேளை, பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே கரும்பலகையில் ஒரு கணக்கைப் போடச் சொன்னார்களாம். பாதியில் தப்பாகிவிட்டதாம். அக்கா அழித்துவிட்டு, “முதல்லேருந்து போடட்டுங்களா?” என்று கேட்டாளாம். போடச் சொன்னார்களாம். நாங்கள் பயந்த பெரிய மார்க்குகளில் பலபேர் டாக்டருக்கும் இஞ்சினீயருக்கும் படிக்கப் போய்விட்டார்கள், இங்கே வரவே இல்லை என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். ஒரு மாதமாக அடுக்கிய டிக்கெட்டுகளுக்கு அவ்வளவுதான் மதிப்பு. மூன்றரை மணிக்குப் பலகையில் காகிதம் ஒட்டினார்கள். இருபது பெயர்கள். அக்கா விரலை வைத்துக் காட்டிய பிறகும் அப்பா அதைத் தன் விரலால் ஒருதரம் தொட்டுப் பார்த்தார்.

திரும்பியதும் மாமாவின் பஸ்ஸில்தான். ஏறும்போதே அப்பா, அவருக்கே பழக்கமில்லாத உரத்த குரலில், “கெடச்சிருச்சு மாப்ள!” என்றார். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“நான்தான் சொன்னேன்ல மச்சான்” என்று மாமா சிரித்தார். அக்காவைப் பார்த்து, “நல்லாப் படி” என்றார். விசில் அடித்தார். பஸ் கிளம்பியது.

மாமா பின்படிக்கட்டில் போய் வெளியே பார்த்தபடி நின்றுகொண்டார். மாத்தூர் வந்தது, பத்துப் பேர் ஏறினார்கள். கீரனூர் வந்தது, இன்னும் ஏறினார்கள். அவர் திரும்பவில்லை. கடைசியில் ஒரு பெரியவர் கத்தினார். “யோவ் கண்டக்டர், டிக்கெட்டக் குடுய்யா! செக்கிங் ஏறுனா நாங்களா பதில் சொல்றது?”

மாமா திடுக்கிட்டுப் பையைத் திறந்தார். எச்சில் தொட்டுக் கிழித்த முதல் டிக்கெட் கைநழுவிக் காற்றில் பறந்து வெளியே போனது. அக்காவுக்குச் சீட் கிடைத்ததில் எங்கள் வீட்டிலேயே அதிக சந்தோஷம் மாமாவுக்குத்தான், அதனால்தான் அவருக்குக் கை ஓடவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். புதுக்கோட்டை வரும்வரை அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தேன்.