அண்ணியின் மஞ்சள் பூப் பாகு

அண்ணியின் விரல் நுனிகள் மஞ்சளாகிவிட்டால் குளிர்காலம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். காலண்டர் பார்க்க வேண்டியதே இல்லை. ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் விரிப்புகளை இஸ்திரி போட்டு மடிப்பது அவர் வேலை. வெள்ளை விரிப்பில் மஞ்சள் கை பட்டுவிடுமே என்று அந்த மாதம் முழுக்கச் சூப்பர்வைசர் அவரைக் கையுறை போட வைப்பார். அண்ணி அதற்கெல்லாம் அசரமாட்டார். மதிய இடைவேளையில் எல்லோரும் சாப்பிட உட்கார, அவர் ஒரு பழைய தலையணை உறையோடு பின்பக்கத்துப் புல்வெளிக்குப் பூப் பறிக்கப் போய்விடுவார்.

தரையோடு ஒட்டிய பல் பல்லான இலை, நடுவே வெற்றுத் தண்டு, உச்சியில் மஞ்சள் பூ. சில நாளில் வெள்ளைப் பஞ்சு உருண்டையாகி, ஊதினால் பறந்துவிடும். தோட்டக்காரருக்கு அது களை, அண்ணிக்கு மருந்துக்கடை. "வெயில் இருக்கும்போதே பறிச்சிடணும். மேகம் வந்தா மூஞ்சிய மூடிக்கும், உங்க அண்ணன் மாதிரி" என்பார்.

வேரை வறுத்துப் பொடித்துக் கொதிக்கவைத்தால் ஈரலுக்கு நல்லதாம். இளம் இலையை வதக்கித் தின்றால் பசி எடுக்குமாம். தண்டை ஒடித்தால் கசியும் பால் மருவுக்காம். என் கன்னத்து மருவில் இரண்டு வாரம் தடவிவிட்டார். மரு கல்லுப்பிள்ளையார் மாதிரி அங்கேயே இருந்தது. சுற்றியிருந்த தோல்தான் கறுத்தது. "போகல அண்ணி" என்று உள்ளதைச் சொன்னேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு நான் வாயைத் திறப்பேனா?

அவருடைய பெருமையெல்லாம் இருமல் பாகில்தான். பச்சை அடிப்பகுதி கசக்கும் என்று ஒவ்வொரு பூவிலும் இதழை மட்டும் கிள்ளி எடுப்பார். ஒரு புட்டிக்கு முந்நூறு பூவாவது வேண்டும். இதழைக் கொதிக்கவைத்து, வடிகட்டி, சர்க்கரை போட்டுத் தேன் பதத்துக்குக் காய்ச்சுவார். எங்கள் கட்டடத்தில் யார் இருமினாலும் கரண்டியோடு போய் நிற்பார். ஒரு கரண்டி ஊட்டிவிட்டு, அந்த இடத்தைவிட்டு நகராமல், "நிக்குதா?" என்று கேட்பார். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. "நின்னுடுச்சு" என்றுதான் மொத்தக் கட்டடமும் சொல்லும்.

அண்ணன் பஸ் ஓட்டுநர். ஒரு வசந்தத்தில் அவருக்கு இருமல் வந்தது. அண்ணி நாலு புட்டி காய்ச்சினார். பத்தே நாளில் அண்ணன், "நின்னுடுச்சு" என்றார். அண்ணிக்குக் கால் தரையில் பாவவில்லை. "பார்த்தியா? நீதான் என் மருந்தை நம்பல" என்று என்னைச் சீண்டினார்.

நான் குடியிருப்பது தரைத்தளத்தில், அவர்கள் மூன்றாவது மாடியில். ஒரு மாலை கதவைத் திறந்தால், படிக்கட்டுக்கு அடியில் சைக்கிள்களுக்கு நடுவே அண்ணன் குனிந்து நின்று, கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நின்னுடுச்சுன்னு சொன்னீங்களே அண்ணா?"

"மேலே போறதுக்கு முன்னாடி இருமித் தீர்த்துடறேன். அவகிட்ட சொல்லிடாதே. கை வலிக்க வலிக்க உட்கார்ந்து கிள்ளியிருக்கா பாவம்."

நான் சொல்லவில்லை. என் மருவும் அந்த மூன்று நாள் மௌனமும்தான் நினைவுக்கு வந்தன. சாதாரண இருமல்தானே, தானாகப் போய்விடும் என்று கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஏழு மாதம் கழித்து, ஸ்டியரிங்கில் தலை சாய்ந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எத்தனை நாளாக இருமல் என்று டாக்டர் கேட்டார்.

"இருமலா? அது வசந்தத்துலயே நின்னுடுச்சே டாக்டர்" என்றார் அண்ணி.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். "நிக்கலம்மா" என்றார்.

நுரையீரலில் கட்டி. முன்பே வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார்கள். ஐந்து வாரத்தில் அண்ணன் போய்விட்டார். அண்ணி அழவில்லை. மீதியிருந்த பாகையெல்லாம் தொட்டியில் ஊற்றிக் கழுவிவிட்டார். அடுத்த வசந்தத்தில் புல்வெளி முழுக்கப் பூத்திருந்தது. அண்ணியின் விரல்கள் வெள்ளையாகவே இருந்தன. ஒரு கரண்டி பாகு கேட்டுக் கதவைத் தட்டியவர்களிடம் மருந்து இல்லை என்று சொல்லி அனுப்பினார். எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது. மாடிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

அதற்கும் அடுத்த வசந்தத்தில் எனக்கு இருமல் பிடித்தது. ஒரு மாலை அண்ணி என் வாசலில் வந்து நின்றார். ஒரு கையில் சின்னப் புட்டி, மறு கையில் கரண்டி. விரல் நுனிகள் மஞ்சளாக இருந்தன. நான் இருமுவது மேலே வரைக்கும் கேட்டிருக்கிறது.

ஒரு கரண்டி ஊட்டினார். நகராமல் நின்றார்.

"நிக்குதா?"

வழக்கமான பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. படிக்கட்டுக்கு அடியில் குனிந்து நின்ற அண்ணன் நினைவுக்கு வந்தார்.

"நிக்கல அண்ணி. பத்து நாளா இருக்கு."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "இதை அவர் சொல்லியிருக்கலாம். நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?" என்றவர் உடைந்து அழுதார். சாவு வீட்டில் அழாத அழுகை அது.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "எனக்குத் தெரியும் அண்ணி. படிக்கட்டுக்கு அடியில நின்னு இருமினாரு. நான் பார்த்தேன். சொல்லாம இருந்துட்டேன்."

அழுகை நின்றுவிட்டது. என்னையே பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கரண்டியைக் கழுவி வைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"செருப்பை மாட்டு. டாக்டர் ஏழு மணி வரைக்கும் இருப்பார்."

 தெரு நெடுக எனக்கு இரண்டடி முன்னாலேயே நடந்தார். எத்தனை நாளாக இருமல் என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி சொன்னார்:

"பத்து நாளா டாக்டர். நான் மருந்து குடுத்தேன். நிக்கல."