நத்தை கவிச்சி ஆகுமா?

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஒரு செய்தி வந்தது. கோயிலில் காப்புக் கட்டியாகிவிட்டதாம், எட்டு நாள் அசைவம் கூடாதாம், நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்லவாம், இதன் பின்னால் உடல்நல அறிவியல் இருக்கிறதாம். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நான் காலமெல்லாம் தாய்சேய் நல நர்சாக இருந்தவள். உடல்நலம் என்று யார் ஆரம்பித்தாலும் என் வாய் சும்மா இருக்காது. ஆனாலும் ஒன்றும் எழுதவில்லை. ஆடிச் சூட்டில் மீன் சீக்கிரம் கெடும்; வாரமெல்லாம் கறி தின்ற வயிற்றுக்கு எட்டு நாள் ஓய்வு நல்லதுதான். தின்ற வயிற்றுக்கு என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

என் முதல் வேலை நன்னிலம் பக்கம் ஒரு கிராமத்தில். சாமி இல்லை என்று மேடைமேடையாகப் பேசியவர்கள் கோட்டையைப் பிடித்து ஆண்டுகொண்டிருந்த காலம். அந்தக் கிராமத்து மாரியம்மனுக்கு மட்டும் பண்ணையார் குறித்த நாளில்தான் காப்பு. அந்த வருடம் நடவுக் கூலியை உயர்த்தக் கேட்டு, பண்ணையில் கூலிக்கு உழைத்த தெற்குத் தெருக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி நெல் நின்றது. பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கி நட்டுக்கொண்டது. தெற்குத் தெரு அசையவில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. தண்ணீரில் நண்டும் நத்தையும் இருந்தன. அதை வேகவைத்துத் தின்று மூன்று வாரம் தாக்குப்பிடித்தார்கள்.

பண்ணையார் லேசுப்பட்டவர் இல்லை. ஆடிக் கடைசியில் கட்ட வேண்டிய காப்பை முதல் வாரத்திலேயே கட்டச் சொல்லிவிட்டார். தமுக்கடித்தார்கள். "இன்னையிலேருந்து எட்டு நாளைக்கு ஊருக்குள்ள யாரும் கவிச்சி ஆக்கக்கூடாது, தாளிக்கக்கூடாது." போலீசால் முடியாத காரியம். அன்று மாலை தெற்குத் தெருவில் ஒரு வீட்டிலும் புகை இல்லை.

அஞ்சலைக்குப் பிள்ளை பிறந்து அப்போது நாலு நாள். பிரசவம் பார்த்தது நான். உதிரம் நிறையப் போயிருந்தது. கீழிமையை இழுத்துப் பார்த்தால் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. புருஷன் வேலைநிறுத்த வழக்கில் சிறையில் இருந்தான். நான், பயிற்சியில் எனக்குக் கொடுத்திருந்த கையேட்டை விரித்துவைத்துக்கொண்டு, ஈரல், முட்டை, பால் என்று அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அரிசிப் பானை கவிழ்ந்து கிடந்த வீட்டில்! இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

"நத்தைச் சாறாவது குடி" என்றேன் கடைசியில்.

"காப்புக்குள்ள வேணாம் நர்சம்மா. போன வருசம் தெரியாத்தனமா நண்டு வறுத்துட்டேன். மூத்தது அம்மை போட்டுப் போயிடுச்சு."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? சாமியாவது பூதமாவது."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் பேசுகிற பேச்சா அது? எனக்கு அப்போது வாய்தான் இருந்தது, புத்தி இல்லை.

மறுநாள் அவளால் எழுந்து உட்கார முடியவில்லை. பால் வற்றிப்போனது. பிள்ளையின் அழுகை வெறும் முனகலாகிவிட்டது. திருவாரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றால் ஊரில் இருந்த வண்டி மாடெல்லாம் பண்ணையுடையவை. தெற்குத் தெருவுக்காகக் காப்புக் கட்டிக் கரகம் எடுக்கும் பூசாரி கோவிந்தனிடம் ஓடினேன். நாற்பது வயது இருக்கும். அவரும் வேலைநிறுத்தத்தில் இருந்தவர்தான். வந்து வாசலில் நின்றார். பின்னால் தெருவே நின்றது.

"எத்தினி நாளு தாங்கும்?"

"இன்னொரு தடவ உதிரம் போச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்லைங்க."

மணிக்கட்டில் இருந்த மஞ்சள் காப்பைப் பார்த்தார். பிறகு ஒரு நத்தை கொண்டுவரச் சொல்லி, அம்மியில் வைத்து உடைத்தார்.

"அஞ்சல, இங்க பாரு. ரத்தம் வருதா?"

"வரல."

"ரத்தம் இல்லாதது எப்புடிக் கவிச்சி ஆவும்? கீரத்தண்டு மாதிரிதான். ஆத்தா மேல ஆணையாச் சொல்றேன், குடி."

சாறு ஆகி வந்ததும் கிண்ணத்தை நான்தான் நீட்டினேன். அஞ்சலை வாங்கிக் குடித்தாள். அன்று தெருவில் எல்லா அடுப்பும் எரிந்தன.

வாசனை பண்ணையார் இருந்த வடக்குத் தெருவுக்குப் போகாமல் இருக்குமா? அடுத்த நாள் பண்ணை ஆட்கள் இரண்டு பேர் தடியோடு வந்தார்கள். தடிமுனையால் சட்டிகளின் மூடியைத் தள்ளிப் பார்த்தார்கள். நான் அஞ்சலை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"காப்புக்குள்ள கவிச்சியாடா?"

"நத்த கவிச்சி இல்ல. காப்புக் கட்டுனவன் நான் சொல்றேன்" என்றார் கோவிந்தன்.

தடி ஓங்கியது. ஓங்கியபடியே நின்றது. காப்புக் கட்டியவன் மேல் கை வைப்பது அம்மன் மேல் கை வைப்பது மாதிரி. பண்ணை ஆளுக்கும் அந்தப் பயம் இருந்தது.

"காப்பு அவுழட்டும்டா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அந்த வார்த்தையின் அர்த்தம் கோவிந்தனுக்குப் புரிந்திருந்தது, எனக்குத்தான் புரியவில்லை.

காப்பு அவிழ்த்த மறுநாள் காலையில் அவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காப்புக் கட்டியிருந்த அதே கையை மணிக்கட்டில் அடித்து உடைத்திருந்தார்கள். மூங்கில் பத்தை வைத்துக் கட்டினேன். அஞ்சலை அதற்குள் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடமாட ஆரம்பித்திருந்தாள். கட்டும்போது கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பூசாரி, நத்தை நெசமாவே கவிச்சி இல்லையா?"

"கவிச்சிதான் நர்சம்மா. எனக்குத் தெரியாதா? நான் எட்டு நாளும் தொடல."

"ஆத்தா மேல ஆணை வச்சீங்களே."

"அது எனக்கும் ஆத்தாளுக்கும் உள்ளது. பெத்தவ எதுக்குச் சாவணும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மனுஷன் என்னைச் சமாதானப்படுத்தினார்.

இப்போது அந்தப் பண்ணை இல்லை, நிலம் பல கை மாறிவிட்டது. வாய்க்காலில் நத்தையும் இல்லை. பூச்சிமருந்து அடித்து அடித்து ஓடுகூட மிச்சமில்லை. நான் பத்தை வைத்துக் கட்டியதில் கோவிந்தனின் கை கோணலாகத்தான் கூடியது. அடுத்த ஆடியில் தெருவே திரண்டு காப்புக் கட்டக் கூப்பிட்டது. "பொய் சொன்ன கை" என்று சொல்லி அவர் நீட்டவில்லை. சாகும்வரை நீட்டவே இல்லை.