மலையின் முதுகு

பெர்கன் நகரத்தில் லிஃப்டுக்குள் பேசுவது ஏறக்குறைய குற்றம். ஏறியதும் எல்லோரும் கதவைப் பார்த்து நின்றுகொண்டு, தங்கள் காலணிகள்மேல் திடீர் அக்கறை கொள்வார்கள். அதனால் நான்காம் மாடி டோரிட் அம்மா ஒரு காலையில் என் பக்கம் திரும்பி, நான் ஃபாடரா என்று கேட்டபோது பயந்துதான் போனேன். நார்வேக்கு வந்த புதிது, மகளுக்கு ஒரு வயது. யார் என்ன கேட்டாலும் விசா ஞாபகம் வரும் காலம். ஃபாதரா என்றுதானே கேட்கிறார், இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று தைரியப்படுத்திக்கொண்டு, ஆமாம், ஒரு பெண் என்றேன். எந்த நாடு என்றார். இந்தியா என்றேன். அடிக்கடி கடிதம் எழுதுவீர்களா? எதற்கு, அவள் பக்கத்து அறையில்தானே தூங்குகிறாள் என்றேன். டோரிட் அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டீர்களா என்று கேட்கும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஃபாடர் என்றால் அப்பன் இல்லை. தூர தேசத்துக் குழந்தை ஒன்றின் படிப்புக்குப் பொறுப்பேற்று, அதற்குக் கடிதம் எழுதி, அதன் படத்தைக் குளிர்பதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டிக்கொள்கிறவர். இதை எனக்கு விளக்கியது, பல வருடம் கழித்து, எட்டு வயதான என் மகள் இனியா. அவள் வகுப்பில் பாதி வீடுகளில் அப்படியொரு குழந்தை உண்டாம். நம் வீட்டில் மட்டும் ஏன் இல்லை என்று கேட்டாள். நம்மை யாராவது தத்தெடுத்தால் நன்றாக இருக்கும் என்று நான் சொன்னது எடுபடவில்லை. அவளும் என் மனைவி கோமதியும் உட்கார்ந்து ஒரு தொண்டு நிறுவனத்தின் இணையப் பக்கத்தைப் புரட்டினார்கள். உலகத்தின் அத்தனை குழந்தைகளிலும் இனியா விரல் வைத்தது பவித்ரா மேல். பத்து வயது, அடி அண்ணாமலை, திருவண்ணாமலை மாவட்டம். பப்பா சொல்லும் மலை என்றாள். நான் மூக்கை உறிஞ்சினேன். அதைச் சளி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்த நிறுவனத்தின் உள்ளூர் அலுவலகம் திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில் இருந்தது. அதில் கள அலுவலராக இருந்தவன் குணசேகரன், ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த குணா. எங்கள் வகுப்பின் அறிவியல் நோட்டுகளில் இதயம், தவளை, செம்பருத்திப்பூ எல்லாம் அவன் கையால் வரைந்தவை. முழு வகுப்புக்கும் ஒரே தவளை. போன் செய்து சொன்னபோது குதித்தான். "உம் பொண்ணு எம் பொண்ணுடா. லெட்டர்லாம் நானே கையோட வாங்கி அனுப்பறேன், நீ கவலப்படாத."

முதல் கடிதம் இரண்டு வரி. எங்கள் ஆடு குட்டி போட்டிருக்கிறது, நீங்கள் நலமா, அவ்வளவுதான். இனியாவின் முகம் தொங்கிவிட்டது. நான் குணாவை அழைத்து, பிள்ளையைக் கொஞ்சம் ஜாஸ்தி எழுதச் சொல்லுடா என்றேன். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்துக்கொள்ளவில்லை.

அடுத்த கடிதத்திலிருந்து பவித்ரா பொழிந்தாள். மூன்று பக்கம், நான்கு பக்கம். தமிழ் மூலத்தோடு நார்வேஜிய மொழிபெயர்ப்பையும் பின் அடித்து அனுப்புவார்கள். தமிழ் படிக்கவோ பேசவோ வராத என் மகள் மொழிபெயர்ப்பை எடுத்துக்கொண்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். அவளும் நார்வேஜியனில் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினாள், நிறுவனம் அதைத் தமிழாக்கிச் செங்கம் ரோட்டுக்கு அனுப்பும். என்ன எழுதுகிறாய் என்று கேட்டால், அது தனிப்பட்டது பப்பா என்பாள். இந்த ஊரில் அந்தச் சொல்லுக்குப் பூட்டு வேண்டாம், யாரும் தாண்டமாட்டார்கள். மூன்று வருடம் நானும் தாண்டவில்லை.

இந்த ஏப்ரலில் பவித்ரா ஒரு படம் அனுப்பினாள். பால் எடுக்கப் போன நான் குளிர்பதனப் பெட்டி முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். ஒற்றை முக்கோணமாக அண்ணாமலை, அடிவாரத்தில் வரிசையாகக் கோபுரங்கள், உச்சியில் தீபம். அழகான படம்தான். ஆனால் பெர்கன்காரர்கள் ஏழு மலைகளை வைத்துக்கொண்டு, ஞாயிறானால் ஏறி இறங்குகிறார்கள். நாங்கள் ஒரே மலையைச் சுற்றியே வளர்ந்தவர்கள். அது நாலு அடிக்கு ஒரு முகம் காட்டும். இந்த முக்கோணம் டவுனுக்குத் தெரியும் முகம். அடி அண்ணாமலை இருப்பது மலைக்குப் பின்னால். அங்கிருந்து பார்த்தால் மலை அகலமாக, தோளும் கூனுமாக, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அங்கே பிறந்த பிள்ளை ஏன் எங்கள் டவுன் வீட்டு மொட்டை மாடியிலிருந்து மலையை வரைகிறது?

காலண்டரைப் பார்த்து வரைந்திருக்கும், பாலை எடுங்கள் என்றாள் கோமதி. நான் பாலை எடுக்கவில்லை. இனியா பள்ளிக்குப் போனதும், கடிதக் கட்டைத் திருடினேன். ஒரு பதினொரு வயதுப் பெண்ணின் மேசை இழுப்பறையை ஐம்பதைத் தொடப் போகிற மனிதன் முட்டிபோட்டுத் துழாவுவதை ஜன்னல் வழியாக ஒரு கடற்புறா பார்த்துக்கொண்டிருந்தது. கையில் கிடைத்தவை பவித்ராவின் கடிதங்கள் மட்டும். தமிழ் மூலத்தில் நான் வேறெதையும் படிக்கவில்லை, ‘ழ’வை மட்டும் தேடினேன். எல்லா ‘ழ’வுக்கும் எலி வால்போல் நீளமாக ஒரு சுழி. பத்தாம் வகுப்பு வரை நான் பார்த்துக் காப்பியடித்த ‘ழ’.

ஜூலையில் ஊருக்குப் போனோம். பவித்ராவைப் பார்க்க வேண்டும் என்று இனியா விமானத்திலேயே ஆரம்பித்துவிட்டாள். குணாவோ அந்தப் பிள்ளைக்குப் பரீட்சை என்றான், பிறகு கீழ்பென்னாத்தூரில் அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றான். செங்கம் ரோட்டில், வெள்ளைக்காரர்கள் தியானம் முடித்து வந்து காபி குடிக்கும் ஒரு கடையில் அவனைப் பிடித்தேன். என்ன பேசுவதென்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். கடைசியில் ஒரு காகிதத்தை நீட்டி, "இதுல ‘மழை’ன்னு எழுது" என்று மட்டும் சொன்னேன். எழுதவில்லை. பேனாவை மூடி வைத்தான்.

"நீதானடா ஜாஸ்தி எழுதச் சொன்ன" என்றான். "அது ரெண்டு வரிக்கு மேல எழுதாதுடா. எல்லாப் பசங்களும் அப்படித்தான். ஆடு, மழ, நல்லாருக்கீங்களா. அத அனுப்பினா அங்க இருக்கறவங்களுக்கு ஆசை வுட்டுப்போவுது."

"எம் பொண்ணு ஒரு பொம்பளப் புள்ளைக்குன்னு நெனச்சி எழுதினாடா. அதயெல்லாம் படிச்சது இன்னா நீயா?"

"யார்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லல."

அப்படி என்ன எழுதினாள் என்று கேட்டேன். குணா காபியைக் குடித்து முடித்தான். "அத அவகிட்டயே கேளு" என்றான். இனிமேல் பவித்ராவே எழுதுவாள் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு எழுந்தேன். இனியாவிடம் உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்று கோமதியும் நானும் இரண்டு நாள் வாதாடினோம். சொல்லிவிடுங்கள் என்றாள் கோமதி. நேரில் பார்த்த பிறகு சொல்கிறேன் என்றேன். எல்லாக் கோழைகளும் சொல்கிற பதில்தான்.

பவித்ரா கிரிவலப் பாதையோரம் அம்மாவின் கடையில் வெள்ளரிக்காய் சீவிக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயது, ஒல்லி, வெட்கம். இனியா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். பவித்ரா கத்தியைப் பிடித்தபடி, கையை அகல விரித்து நின்றாள். பப்பா, இதை அவளிடம் சொல் என்று இனியா என்னைக் கூப்பிட, பவித்ராவின் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்பாவப் போயி பாப்பான்னுதே இந்தப் புள்ள."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர்கள் இருவருக்கும் பொது மொழி கிடையாது. நடுவில் நான்தான் மொழிபெயர்ப்பாளன்.

இனியா என் காதருகே வந்து, நார்வேஜியனில் மெதுவாகச் சொன்னாள். நூலகத்தில் பப்பாவைப் பார்த்ததைப் பற்றி எழுதினேனே, நீ சொன்னபடியே செய்தேன், நன்றி என்று சொல். அப்பாவிடம் போய் அப்பாவைப் பற்றியே சொல்கிறோமே என்று அவளுக்குத் தோன்றவில்லை. அல்லது தோன்றித்தான் சொன்னாளோ.

போன வருடம் எனக்கு வேலை போனது. எட்டு மாதம். கோமதிக்குத் தெரியும், இனியாவுக்குத் தெரியக் கூடாதென்று தினமும் டை கட்டி, மாட்பாக்கே என்கிற மதியப் பொட்டலத்தில் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு, நூலகத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். அவள் விளக்கிச் சொன்ன பிறகுதான் புரிந்தது: ஒரு நாள் வகுப்போடு அங்கே வந்த என் மகள் புத்தக அலமாரிக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்திருக்கிறாள். எனக்குத் தெரியும் என்று பப்பாவிடம் சொல்லவா என்று பவித்ராவைக் கேட்டிருக்கிறாள். சொல்லாதே, சனிக்கிழமை அதே இடத்துக்கு உன்னை அழைத்துப்போகச் சொல், பக்கத்தில் உட்கார் என்று பதில் வந்திருக்கிறது. அந்தச் சனிக்கிழமைகள் எனக்கு நினைவிருந்தன. பிள்ளைக்கு என்ன திடீரென்று புத்தகப் பைத்தியம் என்று நினைத்ததும், அந்த வாரங்களில் மட்டும் கொஞ்சம் மூச்சு விட முடிந்ததும்.

அதே மாதங்களில் குணாவுக்குப் போன் செய்து, பிரமோஷன் வந்திருக்குடா என்று நான் அளந்ததும் நினைவுக்கு வந்தது. எல்லாம் தெரிந்துகொண்டு, ட்ரீட் எப்படா என்று கேட்டான் பாவி. சிரிக்காமல் கேட்டான். அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன்.

என்ன சொல்கிறாள் என்று பவித்ரா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உனக்கு நன்றி சொல்கிறாள் என்றேன். "எதுக்குங்க? நான் ஒண்ணியும் பண்ணலீங்களே" என்றாள். இனியா என் முகத்தையே பார்த்தாள். நான் நார்வேஜியனில் சொன்னேன்: அவளுக்கு எல்லாம் நினைவிருக்கிறதாம். உன்னை நினைத்துப் பெருமைப்பட்டாளாம்.

குணா மூன்று வருடம் செய்ததை நான் மூன்று நொடியில் செய்துவிட்டேன். இலக்கணப் பிழையில்லாமல்.

மலையை ஒரு படம் வரைந்து கொடேன் என்று கிளம்பும்போது பவித்ராவைக் கேட்டேன். "எதுக்குங்க வரையறது, அதான் அங்கயே கீதே" என்று சிரித்தாலும், என் கையிலிருந்த காகிதத்தில் வரைந்தாள். தோளும் கூனுமாக, கோபுரமே இல்லாமல்.

இப்போது இரண்டு மலைகளும் எங்கள் குளிர்பதனப் பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. எது சரி என்று டோரிட் அம்மா கேட்டார். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது என்றேன். பெர்கனில் நின்றால் என்றார். நான் பாலை எடுத்துக்கொண்டு பெட்டியை மூடினேன்.

போன வாரம் மூன்று வருடத்துக்குப் பிறகு பவித்ராவின் சொந்தக் கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தது. உங்களைப் பார்த்ததில் சந்தோஷம், ஆட்டை விற்றுவிட்டோம். இரண்டு வரி. இனியா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்னை நேரில் பார்த்ததும் பிடிக்காமல் போய்விட்டதா பப்பா என்றாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, நான் சொல்லச் சொல்ல நீயே தமிழில் எழுது, மொழிபெயர்ப்பில்தான் ஏதோ கெட்டுப்போகிறது என்று பேனாவைக் கொடுத்துவிட்டாள்.

அன்புள்ள பவித்ராவுக்கு என்று எழுதினேன். கோபமா என்று கேட்டு எழுதினேன். அவள் சொன்னதை ஒன்று விடாமல் எழுதினேன். இந்தக் கடிதம் செங்கம் ரோடு வழியாகத்தான் போகும், முதலில் யார் பிரிப்பான் என்று எனக்குத் தெரியும். அவனோடு பேசி இரண்டு மாதமாகிறது. இனியா உறை எடுக்க எழுந்து போனதும், கீழே சின்னதாக ஒரு வரி சேர்த்தேன். மலைய மட்டும்தான்டா தப்பா வரைஞ்ச.

உடனே அதை அடித்தேன். அடித்த பிறகும் படிக்க முடிகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முடிந்தது. அப்படியே மடித்து, உறைக்குள் வைத்தேன்.